ஹெலனின் பெயரில் போன அழைப்புகள்

பெயர் கவியரசன். தந்தை பெயர் சுப்பராயன். வயது இருபத்தெட்டு. சொந்த ஊர் கோலார் தங்கவயல், மாரிக்குப்பம். தற்போது இருப்பது பெங்களூரு லிங்கராஜபுரத்தில், இரண்டாவது மாடியில், ஒற்றை அறை. படிப்பு எம்.சி.ஏ. வேலை, குளிர்பதனக் கிடங்குகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் கம்பெனி ஒன்றில் சிஸ்டம் அட்மின். கம்பெனியின் பெயரும் விலாசமும் முதல் தகவல் அறிக்கையில் உள்ளன.

இதே வழக்கில் 19.9.2025 அன்று நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். ஹெலன் என்பவர் தன் கடவுச்சொல்லை என்னிடம் ஒருபோதும் தந்ததில்லை என்று அதில் சொன்னேன். அது பொய். அடுத்த நாள் அவர் கைது செய்யப்பட்டார். அதைத் திருத்த, இன்று 25.9.2025 வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் கூப்பிடாமல் ஸ்டேஷனுக்கு வந்து என் கைப்பட இதை எழுதுகிறேன். கன்னடம் எனக்குப் பேச வரும், எழுத வராது. மொழிபெயர்த்துச் சேர்த்துக்கொள்வதாக இன்ஸ்பெக்டர் நாகேஷ் சொன்னார். எழுத ஆரம்பிப்பதற்கு முன் அவர் கேட்டது: “இப்ப நீ சாட்சி. இதை எழுதுனா நீயே ஆரோபி. கொத்தா?” குற்றம் சாட்டப்பட்டவன் ஆவேன் என்று தெரியும் என்றேன்.

எங்கள் கம்பெனியின் வேலை பின்வருமாறு. முப்பத்தொரு குளிர்பதனக் கிடங்குகளில் அம்மோனியா வாயுவை முகரும் கருவிகள் வைத்திருக்கிறோம். அவை நிமிடத்துக்கு ஒரு முறை தங்கள் அளவை எங்கள் ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும். அளவு மீறினால் அந்தக் கிடங்கின் ஆபரேட்டர் போனுக்கு எச்சரிக்கை மெசேஜ் போக வேண்டும். தினமும் காலை எட்டு மணிக்கு, எல்லாம் சரி என்று ஒரு சோதனை மெசேஜும் போக வேண்டும். மெசேஜை அனுப்புவது வெளியில் உள்ள ஒரு சேவை. அதன் இணைய முகவரியை எங்கள் சர்வர் கூப்பிட்டால் அது அனுப்பும். கூப்பிடுவதற்கு கர்ல் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறோம். பிரவுசர் கிடையாது. கறுப்புத் திரை, ஒரு வரி, ஒரு பதில்.

ஆபீசில் இது தவிர பெரிய திரை ஒன்றும் உண்டு. முப்பத்தொரு வரிசைகள். அளவு மீறினால் அந்த வரிசை சிவப்பாகும். திரைக்கு எதிரே உட்கார்ந்து, சிவப்பு வந்தால் போன் எடுத்துக் கிடங்குக்குப் பேசுவது ஹெலனின் வேலை. அவருக்கு வயது முப்பத்தெட்டு. லிங்கராஜபுரத்திலேயே எனக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறார். ஒரே பஸ்ஸில் போவோம். அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

பிப்ரவரி மாதம் ஆடிட்டர்கள் சொன்னதன் பேரில் ஆபீசில் பிராக்ஸி சர்வர் வைத்தார்கள். எந்த மெஷினும் நேராக இணையத்துக்குப் போகக் கூடாது. பிராக்ஸி வழியாகத்தான் போக வேண்டும். அது ஒவ்வொரு முறையும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். யார், எப்போது, எங்கே போனார் என்று எழுதி வைக்கும். பெயர் சரியில்லை என்றால் 407 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பும். உள்ளே விட முடியாது, நீ யார் என்று முதலில் சொல் என்பது அதன் பொருள்.

பிராக்ஸி வந்த அன்று காலை மெசேஜ்கள் நின்றுவிட்டன. மேனேஜர் உமேஷ் என் மேஜைக்கு வந்து, “சாயங்காலத்துக்குள்ள ஆகணும் கவி. நாளைக்கு ஆடிட்காரங்க மறுபடி வராங்க” என்றார்.

அதன் பிறகு நான் சர்வருக்குள் நுழைந்தேன். அதற்கான லாகின் நாலு பேருக்குப் பொது. அதனால் உள்ளே எதை யார் மாற்றினார் என்று பின்னால் பார்த்தாலும் தெரியாது. கர்ல் கட்டளையைக் கையால் அடித்துப் பார்த்தேன். பதில் இல்லை. கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு பிராக்ஸியின் விலாசத்தைச் சேர்த்து அடித்தேன். 407. அதன் பிறகு என் பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து அடித்தேன். பிராக்ஸியின் விலாசமே தவறு என்று பிழை வந்தது. என் கடவுச்சொல்லின் நடுவில் @ இருந்தது. பிராக்ஸிக்குச் சொல்லும் வரியில் பெயருக்கும் விலாசத்துக்கும் நடுவிலும் அதே @ வரும். எந்த இடத்தில் பெயர் முடிகிறது என்று கட்டளைக்குத் தெரியவில்லை. அதை வேறு மாதிரி எழுத வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பதினொன்றே முக்காலிலிருந்து ஒன்றரை வரை அடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மணிக்கு ஹெலன் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்தார். என் திரையை எட்டிப் பார்த்தார். “இது மனுஷன் வெச்ச பாஸ்வேர்டா, இல்ல கீபோர்டு மேல பூனை நடந்துச்சா?” என்றார். உங்களுடையது எப்படி என்று கேட்டேன். வெறும் எழுத்தும் எண்ணும்தான் என்றார். ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். “என் பொண்ணு பேரு இருக்கு அதுல. பத்திரம். வேலை முடிஞ்சதும் எடுத்துடு.” எடுத்துவிடுகிறேன் என்றேன்.

அதை அடித்தேன். 200 வந்தது. சரி, அனுப்பியாயிற்று என்பது அதன் பொருள்.

சர்வருக்கென்று தனிப் பெயர் வாங்க வேண்டும் என்பதே முறை. அதற்கு ஒரு படிவம் உண்டு. மூன்று நாள் ஆகும். சாயங்காலத்துக்குள் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்ததால், மெசேஜ் அனுப்பும் நிரலில் ஹெலனின் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதிச் சேமித்தேன். திங்கட்கிழமை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

அடுத்த வாரம் என் கடவுச்சொல்லை @ இல்லாமல் மாற்றி, என் சொந்த லாகினில் பிராக்ஸியைச் சரியாக அமைத்துக்கொண்டேன். என் திரையில் எல்லாம் போயிற்று, வந்தது. நிரலைத் திறக்கவில்லை.

இன்னொன்றும் செய்தேன். தானாக ஓடும் நிரல் திரையில் எதைச் சொன்னாலும் அது மெயிலாக உமேஷுக்குப் போகும்படி ஏற்கெனவே வைத்திருந்தார்கள். கர்ல் ஒவ்வொரு முறையும் எத்தனை பைட் போயிற்று என்று ஒரு வரி சொல்லும். ஒரு வாரத்தில் அவருக்கு இருநூறு மெயில்களுக்கு மேல் சேர்ந்தன. “என் மெயில்பாக்ஸ் என்ன குப்பைத்தொட்டியா மாராயா? அதோட வாயை மூடு” என்றார். கர்லின் வாயை மூட ஓர் எழுத்து போதும். சின்ன s. அதைப் போட்டால் வெற்றியையும் சொல்லாது, தோல்வியையும் சொல்லாது. தோல்வியை மட்டும் சொல் என்பதற்குப் பெரிய S ஒன்றைக் கூடச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. மெயில் நின்றது. உமேஷ் நன்றி சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு: பெரிய S பற்றி எனக்கு அப்போதே தெரியும்.

என் அப்பா சுரங்கம் மூடும் வரை ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். கீழேயிருந்து எத்தனை மணி வருகிறதோ அத்தனையும் மேலேயிருந்து திருப்பி அடிக்க வேண்டும். திருப்பி அடிக்காமல் கூண்டு நகராது. இது வழக்குக்குத் தேவையில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். எழுதிவிட்டதால் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

அதன் பிறகு ஆகஸ்ட் மாதம் உமேஷ் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பிப்ரவரியிலிருந்து ஒரு மெசேஜ்கூடத் தவறவில்லை என்பது அறிக்கை. மெசேஜ் தானாகப் போகும்போது திரையைப் பார்க்க ஆள் எதற்கு என்று மேலிடம் கேட்டது. ஹெலனின் இடம் எடுக்கப்பட்டது. தவறாமல் போன மெசேஜ்கள் எல்லாம் ஹெலனின் பெயரில் போனவை. இது உமேஷுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

12.9.2025 வெள்ளிக்கிழமை ஹெலனின் கடைசி நாள். மதியம் மேஜை டிராயரைக் காலி செய்தார். சாக்பீஸ் டப்பா அளவில் ஒரு மாதா படம், நாலு பேனா, ஒரு சால்வை. ஏசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பையைத் தோளில் மாட்டியபின் என்னிடம் வந்தார். “அன்னிக்கி ஒண்ணு எழுதிக் குடுத்தேனே, எடுத்துட்டியா?”

“எப்பவோ எடுத்துட்டேன்க்கா.”

“சரி. பொண்ணு பேரு ஆச்சே, அதான் கேட்டேன்.”

அவர் போனதும் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். உமேஷ் என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மாலை ஆறு மணிக்கு, வேலையை விட்டவர்களின் பெயர்களை நீக்கும் வழக்கப்படி, பிராக்ஸியிலிருந்து ஹெலனின் பெயர் நீக்கப்பட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் எங்கள் சர்வர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் பிராக்ஸி 407 என்று திருப்பியது. நிரல் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொரு கிடங்குகளிலும் காலை மெசேஜ் நின்றது. ஒரே ஒருவர்தான் கேட்டார்.

அவர் அத்திபெலேயில் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரஸர் ஆபரேட்டர். பெயர் பச்சைமுத்து. வயது நாற்பத்தாறு. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. 16.9.2025 செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்தார். திரைக்கு எதிரே ஆள் இல்லாததால் நான் எடுத்தேன்.

“தம்பி, அந்த எட்டு மணி மெசேஜி வரல.”

“எத்தனை நாளா?”

“நாலு நாளாச்சு. எங்க அந்த ஹெலன் மேடம்? அவங்க இருந்தா நான் கேக்கறதுக்கு முன்னாடியே போன் போடுவாங்க.”

அவர் வேலையை விட்டுவிட்டார் என்றேன். பார்க்கிறேன் என்று சொல்லி, போனை வைக்காமலே என் சொந்த லாகினில், என் திரையில், கர்ல் கட்டளையில் அவர் எண்ணைப் போட்டு ஒரு சோதனை மெசேஜ் அனுப்பினேன். 200 வந்தது. போனில் அவர் பக்கம் மணி ஒலித்தது எனக்கும் கேட்டது.

“வந்துச்சு, வந்துச்சு” என்றார். “உங்க மெஷினுக்கும் என்னைய மாதிரி முழங்கால் வலி போல. தட்டுனாத்தான் எந்திரிக்கிது.”

நான் சிரித்தேன். “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குண்ணே. உங்க போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றேன். சரி தம்பி என்று வைத்தார்.

நான் சோதித்தது சர்வரை அல்ல. என் திரையில் பிராக்ஸிக்கு நான் சொன்னது என் பெயர். சர்வர் சொல்லிக்கொண்டிருந்தது நாலு நாள் முன்பு நீக்கப்பட்ட பெயர். நிரலின் பதிவைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். என்னிடம் போனதால் எல்லோரிடமும் போகிறது என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு இது. எல்லோரும் செய்வது என்பதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை.

17.9.2025 புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவர் எண்ணிலிருந்து என் சொந்தப் போனுக்கு ஒரு தவறிய அழைப்பு. முந்தைய நாள் ஆபீசில் என் எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். பேசவில்லை.

அன்று மதியம் மூன்று பன்னிரண்டுக்கு அவருடைய கிடங்கின் இயந்திர அறையில் அம்மோனியா கசிய ஆரம்பித்தது. கருவி அளவைச் சரியாக அனுப்பியது. சர்வர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டது. மூன்று பன்னிரண்டிலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை மெசேஜ் அனுப்பப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் 407. அந்த நேரத்தில் பச்சைமுத்து கேட்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது. மூன்று இருபத்தாறுக்குத் திரும்பி வந்து இயந்திர அறையின் கதவைத் திறந்ததாகக் கேமராவில் பதிவாகியிருக்கிறது. லேசான வாடை அங்கே எப்போதும் உண்டு என்பதால் வெளியிலிருந்து அவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பதினான்கு மெசேஜ்கள் போக வேண்டியிருந்தது. அதில் ஒன்று போயிருந்தால் போதும்.

அன்று அந்த நேரத்தில் ஆபீசில் பெரிய திரையில் அவருடைய வரிசை சிவப்பாக இருந்தது. எதிரே நாற்காலி காலி. என் மேஜை திரைக்கு முதுகு காட்டி இருக்கிறது. நான்கு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். கிடங்குக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அழுதுகொண்டிருந்தார். தீயணைப்பு வீரர்கள் அப்போதுதான் வால்வை மூடியிருந்தார்கள். பச்சைமுத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்துவிட்டார்.

அதன் பிறகு போலீசார் பிராக்ஸியின் பதிவை எடுத்தார்கள். சனி முதல் புதன் வரை, இருநூற்று நான்கு மறுப்புகள். இருநூற்று நான்கிலும் ஒரே பெயர், ஹெலன். நிரலைத் திறந்தபோது அதிலும் அவர் பெயர். வேலையை விட்டு அனுப்பிய கோபத்தில் போகும்போது இதை நிரலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று உமேஷ் சொன்னார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை, இந்த ஸ்டேஷனில், இதே அறையில், ஹெலனையும் என்னையும் எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டார்கள். உமேஷும் இருந்தார். பிப்ரவரியில் கவியிடம் எழுதிக் கொடுத்தேன், அவன் எடுத்துவிட்டதாகச் சொன்னான் என்று ஹெலன் சொன்னார். உண்மையா என்று என்னைக் கேட்டார்கள். “இல்லை சார். எங்கிட்ட எதுவும் குடுக்கல” என்றேன். ஹெலன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தவர் போல, “கவி, துண்டுச் சீட்டுடா, அன்னிக்கி லஞ்ச் டைம்ல” என்று நினைவுபடுத்தினார். நினைவில்லை என்றேன். அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டார். இங்கே ஏசி கிடையாது.

இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு: என்னை யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். பயந்தது அதற்கு மட்டும்தானா என்று ஆறு நாளாக யோசிக்கிறேன்.

நேற்று, 24ஆம் தேதி, சர்வரின் நகலை ஒப்படைக்க கம்பெனி சார்பில் இங்கே வந்தேன். பச்சைமுத்துவின் மனைவி ரஞ்சிதம் அவருடைய பொருள்களை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். எழுத்தர் ஒவ்வொன்றாக மேஜை மேல் வைத்தார். பெல்ட். சாவி. போன். போனில் சார்ஜ் இருந்தது. ரஞ்சிதம் அதைத் தொட்டதும் திரை எரிந்து, கடைசியாக வந்த மெசேஜ் தெரிந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்தர் கன்னடக்காரர், அந்த நேரம் யாரோ கூப்பிட்டு வெளியே போயிருந்தார். ரஞ்சிதம் பக்கத்தில் நின்ற என்னிடம் போனை நீட்டினார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

“கடைசியா வந்தது இதான் போல. என்னா போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சு சொல்லு சாமி.”

செவ்வாய்க்கிழமை நான் அனுப்பியது. படித்தேன்.

“எல்லாம் சரியா இருக்குன்னு போட்டிருக்கும்மா.”

“யாரு போட்டா?”

அனுப்பியவர் பெயர் அதில் வராது. கம்பெனியைக் குறிக்கும் ஆறு எழுத்துதான் வரும். அதைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு போனை முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அவர் சாலையைக் கடக்கும் வரை நின்றேன்.

ஆகவே எழுதுவது: நிரலில் ஹெலனின் பெயரை எழுதியவன் நான். எடுத்துவிட்டேன் என்று அவரிடம் பொய் சொன்னவன் நான். கர்லின் வாயை மூடியவன் நான். எல்லாம் சரி என்று பச்சைமுத்துவிடம் சொன்னவன் நான். ஹெலன் செய்தது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது மட்டும். அதையும் நான்தான் கேட்டு வாங்கினேன். அந்தச் சீட்டை நான் எறியவில்லை. பிப்ரவரியிலிருந்து என் பர்சில் இருந்தது. ஹெலனின் கையெழுத்து, கம்பெனி நோட்டின் கிழிந்த தாள். இத்துடன் ஒப்படைக்கிறேன். அதில் இருக்கும் அவர் மகளின் பெயரை இந்த வாக்குமூலத்தில் எங்கும் நான் எழுதவில்லை. மொழிபெயர்ப்பவரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முடித்ததும் இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டி எண்ணினார். ஸ்டேஷனில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குவதில்லை, சட்டம் அப்படி, அதெல்லாம் மாஜிஸ்திரேட் முன்னால்தான் என்றார். போட்டாலும் கோர்ட்டில் கணக்கில் வராது என்றார். போடுகிறேன் என்றேன். “எதுக்கப்பா?” என்று கேட்டார். கையை நீட்டினேன். அவர் பேனாவைத் திருப்பித் தந்தார்.

இதில் எழுதியிருப்பவை நான் செய்தவையும் சொன்னவையும், கேட்டும் பார்த்தும் அறிந்தவையுமே. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. ஒரு முறை வாசித்துப் பார்த்துவிட்டேன், மாற்ற ஒன்றும் இல்லை. இதை என் பெயரில் கொடுக்கிறேன்.

சு. கவியரசன்
25.9.2025, மதியம் 1.40